துவக்குப் பழகிய சங்கக்கடை மனேச்சர்

“ஆண். வயது நாற்பத்தைந்துக்கு மேல். திடகாத்திரமான உடல்வாகு. வெடிச்சத்தம் கேட்ட மாத்திரத்தில் தரையில் படுத்து, அருகில் இருந்தவர்களையும் படுக்கவைத்தார். யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. பழகிய உடலின் செயல். இராணுவப் பயிற்சி பெற்றவராக இருத்தல் வேண்டும்.”

1986ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், சவர்லாந்து மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு ஜெர்மன் நகரத்துப் பொலிஸ்காரர் எழுதி வைத்த குறிப்பு இது. மனுசன் பொய் எழுதவில்லை. வரி வரியாகப் பார்த்தால் எல்லாம் உண்மை; சேர்த்து வாசித்தால்தான் பொய்.

ஜேசுரட்ணத்தின் திடகாத்திரம், மே மாதத்திலும் அவர் கழற்ற மறுத்த இரண்டு சுவெற்றர்கள். அவற்றுக்குள்ளே ஐந்தடி மூன்று அங்குலத்தில், தொண்டையில் தீராத இருமலோடு, இளவாலைக் கூட்டுறவுச் சங்கக்கடையின் முன்னாள் மனேச்சர் ஒருவர் இருந்தார். அரிசியும் சீனியும் மண்ணெண்ணெயும் அளந்து கொடுத்தே அவருக்கு மயிர் நரைத்தது. வாழ்நாளில் அவர் உற்றுக் குறிபார்த்த ஒரே பொருள் தராசு முள். ஆட்டிறைச்சி தின்பார், ஆடு வெட்டும்போது வளவுக்கு வெளியே போய் நின்றுகொள்வார்.

நடந்தது இது. அந்த நகரத்தில் ஒரு கோயிலும் ஒரு துப்பாக்கி சுடும் கழகமும் உண்டு. எது மற்றதைவிடப் பழையது என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து. நற்கருணைத் திருவிழா அன்று குருவானவர் நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரத்தை ஏந்திக்கொண்டு தெருத்தெருவாகப் பவனி வருவார். கடைசிப் பீடம் சந்தைச் சதுக்கத்தில். அங்கே ஆசீர்வாதம் கொடுக்கும்போது சனம் முழுவதும் முழங்காலில் இருக்கும். அந்த நேரம் பார்த்துக் கழகத்தார் கடவுளுக்கு மரியாதையாகச் சிறு பீரங்கி ஒன்றை வெடிக்கவைப்பார்கள். தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். ஆகவே அதைப்பற்றி யாரும் யாருக்கும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மழைக்கு நனையும் என்று யார் சொல்கிறார்கள்?

ஜேசுரட்ணத்துக்கும் யாரும் சொல்லவில்லை. வெடி கேட்டதும் அவர், “படுங்கோ! எல்லாரும் படுங்கோ!” என்று சதுக்கம் முழுவதற்கும் தமிழில் உத்தரவு போட்டார். இடது கையால் மகள் அன்ரனெற்றின் தலையை அமத்தினார். வலது கையால், முன்னால் முழங்காலில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு ஜெர்மன் மனுசியைத் தோளில் பிடித்துக் கல்தரையோடு சாய்த்தார். அவளுக்கு மேல் தானும் விழுந்தார். குருவானவரின் கைகள் ஆசீர்வாதத்தின் நடுவிலேயே நின்றுபோயின.

அந்த மனுசி ஃபிராவ் ஷூல்ட்டெ. வெதுப்பகக்காரி. சுடும் கழகத்திலேயே ஆகச் சிறந்த குறி அவளுடையது. கழகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுப்பவளும் அவளே. ஆனால் பெண் என்பதால் சீருடை போட்டுக் கழகத்தோடு அணிவகுக்க அவளுக்கு அனுமதி இல்லை. வருஷம் முழுக்க நன்றாகச் சுட்டவள், திருநாளன்று சனத்தோடு சனமாக முழங்காலில் இருந்தாள். கழகம் கொஞ்சம் நியாயமாக நடந்திருந்தால் ஜேசுரட்ணம் வேறு யாரையாவதுதான் சாய்த்திருப்பார்.

இரண்டு நாள் கழித்து அவள் ஹைமுக்கு வந்தாள். ஹைம் என்பது ஒரு பழைய விடுதி. அகதி விண்ணப்பம் போட்டவர்களை நகரசபை அறைக்கு ஒரு குடும்பமாக அங்கே குடிவைத்திருந்தது. அவள் முழங்காலில் காயத்துக்கு ஒட்டுத்துணி, கையில் ஒரு பாண். ஜேசுரட்ணத்தின் மனைவி தேவமலர் புருசனுக்காக வெட்கப்பட்டு, ஓடி ஓடித் தேத்தண்ணி ஊற்றினாள். மொழிபெயர்க்கச் சூசைதாசன் வந்தான். பக்கத்து அறை; கலியாணமாகாதவன்; இவர்களைவிட ஒரு வருஷம் முந்தி வந்தவன் என்பதால் ஜெர்மன் தெரிந்தவனாகக் கணக்கு.

“மகளை இழுத்ததற்குக் காரணம் விளங்குகிறது. என்னை ஏன் இழுத்தீர்கள்? என்னை உங்களுக்குத் தெரியாதே?” என்று கேட்டாள் ஃபிராவ் ஷூல்ட்டெ.

ஜேசுரட்ணம் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நீங்கள் தலையைத் தூக்கி என்னெண்டு பாத்தியள். நிண்டு என்னெண்டு பாக்கிற ஆக்கள்தான் முதல் சாகிறவை.”

சூசைதாசன் அதை மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தான்.

ஊரில் ஒரு மாரிநாள். சங்கக்கடை வாசலில் மண்ணெண்ணெய்க்கு வரிசை. றோட்டால் போன இராணுவ ட்றக்கிலிருந்து சுட்டார்கள். ஜேசுரட்ணம் படுங்கோ என்று கத்தியபோது படுத்தவர்கள் பிறகு உயிரோடு எழும்பினார்கள். ஒரு மனுசி மட்டும் போத்தலும் கையுமாக நின்று, “என்ன மனேச்சர்?” என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல அவகாசம் கிடைக்கவில்லை. இவ்வளவுதான் அவர் பெற்ற இராணுவப் பயிற்சி.

சதுக்கத்தில் விழுந்தது ஜேசுரட்ணம். அடி பட்டது அன்ரனெற்றுக்கு. பள்ளிக்கூடத்தில் ஒரு புது விளையாட்டு வந்தது. ஒருவன் “பும்!” என்பான், மற்றவர்கள் தொபுக்கென்று விழுவார்கள். விழுந்து கிடந்து அவளைப் பார்ப்பார்கள். கோடை லீவு முடிந்தும் விளையாட்டு முடியவில்லை. வருகிற வருஷம் அவளுக்கு முதல் நன்மை, முதல்முறையாக நற்கருணை வாங்கும் சடங்கு. முதல் நன்மை எடுத்த பிள்ளைகள் நற்கருணைப் பவனியில் வெள்ளை உடுப்போடு முன்னால் போவார்கள். தாய் தகப்பன் அவர்களுக்கு நேரே பின்னால் போவார்கள். அது அங்கே பெரிய காரியம்.

ஒரு நாள் பள்ளியால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்: “அப்பா, பவனிக்கு நீங்கள் வரவேண்டாம். அம்மா மட்டும் வரட்டும்.”

“ஏனம்மா?”

“நீங்கள் விழுந்திடுவியள்.”

தேவமலர் சட்டியில் கரண்டியை ஓங்கித் தட்டினாள். “தகப்பனோடை கதைக்கிற கதையே இது?”

“விடப்பா, பிள்ளை உள்ளதைத்தானே சொல்லுது” என்றார் ஜேசுரட்ணம். அன்றைக்கு அவர் பாண் தின்னவில்லை.

அடுத்த கிழமை சூசைதாசனைக் கூட்டிக்கொண்டு வெதுப்பகத்துக்குப் போனார். விழாமல் இருக்க ஏதும் வழி உண்டோ என்று கேட்டார். ஃபிராவ் ஷூல்ட்டெ மாவுக்கையைத் துடைத்தாள். “செவ்வாய்க்கிழமை கழகத்துக்கு வாருங்கள். எதற்குப் பயப்படுகிறீர்களோ அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். கோழைகளுக்கு நான் நன்றாகச் சொல்லிக்கொடுப்பேன். வீரர்களுக்குத்தான் சொல்லிக்கொடுக்க முடிவதில்லை” என்றாள்.

இந்தச் செய்தி ஹைமில் கொண்டாடப்பட்டது.

“இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரோ?” என்றாள் தேவமலர். “துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்திட்டு, இஞ்சை துவக்குப் பழகப் போறனெண்டுறியள்.”

“பயந்த சாமானை ஒருக்காக் கிட்டப் பாத்தால் என்ன?”

“நாய்க்குப் பயம் எண்டால் நாயின்ரை வாய்க்குள்ளை கையை விட்டோ பாக்கிறது?”

சூசைதாசன் விடுவானா? “அண்ணை, ஊரிலை பொடியள் இயக்கப் பயிற்சிக்குப் போகேக்கை வீட்டுக்காரர் அழுதவை. நீங்கள் போக, ஹைம் முழுக்கச் சிரிக்குது.”

கழகத்தின் சுடுகூடம் ஒரு மதுக்கடைக்குக் கீழே நிலவறையில் இருந்தது. ஒரு நீள மேசை. பத்து மீற்றர் தள்ளி, சுவரோடு உள்ளங்கை அளவில் இலக்கு அட்டைகள். மெழுகு போட்ட தரையும் பழைய பியரும் சேர்ந்து ஒரு வாசம். மேசையில் ஒரு காற்றுத் துவக்கு கிடந்தது. வெடிமருந்தில்லாமல், அமுக்கிய காற்றால் சின்ன ஈயச் சன்னத்தைத் தள்ளுகிற வகை. ஜேசுரட்ணம் அதைப் பார்த்ததும் கதவுப் பக்கமாக ஒரு அடி வைத்தார். அந்த அடியை ஃபிராவ் ஷூல்ட்டெ பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

முதல் நாள் ஒரு சன்னமும் சுடப்படவில்லை. மொழிபெயர்க்க வந்த சூசைதாசனோடு மூன்று பேரும் நின்று அந்தத் துவக்கைப் பார்த்தார்கள். ஃபிராவ் ஷூல்ட்டெ அதில் சன்னம் போடும் இடத்தை மூடிய நெம்பைத் திறந்து, உள்ளே வெறுமையாக இருப்பதைக் காட்டி, மூடி வைத்தாள்.

“இது குண்டு போட்டதா, இல்லையா?”

“இல்லை” என்றார் ஜேசுரட்ணம். “இப்பத்தானே காட்டினியள்.”

“போட்டது. எல்லாத் துவக்கும் போட்டதுதான்.”

“வெறுமை எண்டதை உவாதானே பாத்தவ?” என்று சூசைதாசனிடம் கேட்டார்.

“அவள் பாத்தது அவளுக்காம், அண்ணை” என்றான் சூசைதாசன். “தான் பாத்ததை நீங்கள் நம்பக் கூடாதாம். நீங்கள் கையிலை எடுத்தால் நீங்கள் திறந்து பாக்கோணுமாம்.”

“பேந்து ஆரைத்தான் நம்புறது?”

“ஒருத்தரையும் வேண்டாமாம். உங்களையும் நம்ப வேண்டாமாம்.”

ஜேசுரட்ணத்துக்கு அது மரியாதையில்லாத பேச்சாகப் பட்டது. அவருடைய கடையில் ஒருவர் தராசில் நிறுத்த சாமானை இன்னொருவர் திரும்ப நிறுத்தால் சண்டை வரும். ஆனால் மற்றக் கட்டளைகள் பிடித்திருந்தன. குழல்வாய் எப்போதும் இலக்குச் சுவரைத்தான் பார்க்க வேண்டும். தரையையோ கூரையையோ ஆட்களையோ பார்க்கக் கூடாது. சுடும் எண்ணம் வரும்வரை விரல் விசையில் படக் கூடாது. வெளியே, துவக்கின் மரத்தோடு நீட்டிக் கிடக்க வேண்டும். இலக்கைப் பார்ப்பதோடு இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் கடைசிக் கட்டளையை அவர் சூசைதாசனிடம் இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.

இரண்டாம் செவ்வாய் சுட்டார். சைக்கிள் ரியூப் காற்றுப் போனதுபோல ஒரு சத்தம். “இவ்வளவுதானோ?” என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. சன்னம் அட்டையில் படவில்லை. அட்டை மாட்டும் பலகையில் பட்டது. அதுவே அவருக்குப் பெரிய திருப்தி. அந்தத் திருப்தியில்தான் பிழை விட்டார்.

சுட்டு முடித்ததும் துவக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நல்ல குடும்பத்தில் பிறந்தவன் கத்தியோ கத்தரிக்கோலோ கொடுத்தால், கூர்முனையைத் தன் பக்கம் பிடித்து, பிடியைத்தானே மற்றவருக்கு நீட்டுவான்? ஜேசுரட்ணம் துவக்கைப் பக்குவமாகத் திருப்பினார். குழல்வாயைத் தன் வயிற்றோடு, இரண்டு சுவெற்றரின் நடுவில் அணைத்துக்கொண்டார். தோளில் முட்டும் சோங்கை ஃபிராவ் ஷூல்ட்டெயின் பக்கம் நீட்டினார். இடது கையால் வலது முழங்கையைத் தொட்டபடி, கொஞ்சம் குனிந்து, சிரித்த முகத்தோடு.

ஃபிராவ் ஷூல்ட்டெ வெளிறிப்போனாள். ஒரு கையால் குழலைச் சுவர்ப்பக்கம் தள்ளி, மறுகையால் துவக்கை வாங்கி வைத்தாள். பிறகு அவருக்கு ஒரு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னாள். அன்று முழுவதும் எழும்ப விடவில்லை. இளவாலைச் சங்கக்கடையின் மனேச்சர், வகுப்பில் கதைத்த பிள்ளையைப்போல, மூலையில் இருந்தார்.

“அவ்வளவு மரியாதையாக் குடுத்தன், மனுசி என்னை மூலைக்கை இருத்திப்போட்டாள்” என்று வரும் வழியில் பொருமினார்.

“ஓம் அண்ணை. கொஞ்சம் பிசகியிருந்தால் மரியாதையாச் செத்திருப்பியள்” என்றான் சூசைதாசன்.

அறைக்கு வந்தும் ஆறவில்லை. தேவமலர் வெங்காயம் வெட்டிக்கொண்டே முழுக்கதையையும் கேட்டாள். துவக்கைப்பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை. “நான் எப்பவெண்டாலும் கத்தியை உங்கடை கையிலை தந்திருக்கிறனோ?” என்றாள். “கையிலை குடுத்தால் சண்டை வரும். கீழை வைப்பன். நான் கையை எடுத்தாப்பிறகு நீங்கள் எடுப்பியள். உப்பும் அப்பிடித்தான், ஊசியும் அப்பிடித்தான். கலியாணம் கட்டின நாள் துவக்கம் செய்யிறம், உங்களுக்குத் தெரியேல்லையே?”

தெரியவில்லை. மூடநம்பிக்கை என்று ஒருகாலத்தில் அவளைப் பகிடி பண்ணியதுதான் நினைவு வந்தது.

அடுத்த செவ்வாய் சுட்டு முடித்ததும் நெம்பைத் திறந்து, குழல்வாய் சுவரைப் பார்க்க, துவக்கை மேசையில் கிடத்தினார். கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு ஒரு அடி விலகி நின்றார். ஃபிராவ் ஷூல்ட்டெ கிட்ட வந்து, எடுத்து, உள்ளே பார்த்து, திரும்ப வைத்தாள். “குட்” என்றாள். இந்த முறையைத்தான் அன்று அவள் சொல்லிக்கொடுக்க இருந்தாள். இந்த மனுசன் எங்கே படித்தான் என்று அவளுக்கு விளங்கவில்லை. சமையலறையில் என்று சூசைதாசன் சொன்னதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டாள்.

தான் வைத்ததை ஃபிராவ் ஷூல்ட்டெ திரும்பச் சரிபார்ப்பது நாளடைவில் ஜேசுரட்ணத்தைச் சுடாமல் போனது. அதற்குள் இருந்த மரியாதை மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. அவர் ஊரில் துவக்கு வைத்திருந்தவர்கள் எல்லோரும் தங்கள்மேல் அபார நம்பிக்கை வைத்திருந்தார்கள். இங்கே ஒரு வெதுப்பகக்காரி, ஆயிரம் முறை பிடித்த துவக்கையும் புதிதாகச் சந்தேகப்பட்டாள். அந்தச் சந்தேகத்துக்கு முன்னால் நிற்க அவருக்குப் பயமாக இல்லை.

மாரி வந்தது, பனி வந்தது. ஜேசுரட்ணம் நல்ல சுடுகாரராக வரவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றினார். சோங்கைத் தோளில் பதித்தார். கன்னத்தை மரத்தில் வைத்தார். கறுப்பு வட்டம் வளையத்துக்குள் வந்து உட்காரும்வரை காத்திருந்தார். மூச்சில் பாதியை விட்டு நிறுத்தினார். எல்லாம் சரி. சன்னம்தான் தன் விருப்பத்துக்குப் போனது. “விசையை இழுக்கிறீர்கள். இழுக்காதீர்கள், அமத்துங்கள். மெதுவாக. எப்போது வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியக் கூடாது” என்பாள் ஃபிராவ் ஷூல்ட்டெ. எப்போது வெடிக்கும் என்று தெரியாமல் இருக்க ஏலாமல்தான் அவர் நாட்டையே விட்டு வந்தவர். ஆனால் இது வேறு வகையான தெரியாமை என்று கை சொன்னது. முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை என்று பார்த்த பிறகு வருகிற திடுக்கிடல்.

குறிப்பு எழுதிய பொலிஸ்காரரும் கழகத்து ஆள்தான். ஒரு செவ்வாய் பியர் கிளாசோடு வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “எப்படிச் சுடுகிறான்?” என்று கேட்டார்.

“மோசம்” என்றாள் ஃபிராவ் ஷூல்ட்டெ.

“நடிக்கிறானோ?”

“இவ்வளவு மோசமாகச் சுட்டு நடிக்க நல்ல சுடுகாரனாலும் முடியாது.”

பொலிஸ்காரர் சிரித்தார். குறிப்பைத் திருத்தவில்லை, திருத்துவதற்கென்று அலுவலகத்தில் வழியும் இருக்கவில்லை.

தை மாதத்தில் சூசைதாசன் வேறு நகரத்து ஹைமுக்கு மாற்றப்பட்டான். மொழிக்கு ஆள் இல்லை. அன்ரனெற் வீட்டுப்பாடக் கொப்பியோடு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். பின்னால் கிடந்த மரவாங்கில் இருந்து, தலை நிமிராமல், வேண்டாவெறுப்பாக மொழிபெயர்த்தாள். மூன்றாவது தடவை வந்தபோது தலை நிமிர்ந்தது. நாலாவது தடவை ஃபிராவ் ஷூல்ட்டெ வாயைத் திறக்க முன்னமே அவள் திறந்தாள்.

“அப்பா, விரல்! விரல் வெளியிலை!”

“வெளியிலைதானே அம்மா கிடக்கு.”

“பொய். உள்ளுக்கை கிடந்தது, நான் பாத்தனான். குழலும் நிலத்தைப் பாக்குது. சுவரைப் பாக்கோணும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது?”

“ரீச்சர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றார் ஜேசுரட்ணம்.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் பனி வழுக்கும் என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பவனியைப்பற்றி இருவரும் கதைக்கவில்லை. அவள் வரவேண்டாம் என்று சொன்னது சொன்னபடியே இருந்தது. அவர் கேட்கவும் துணியவில்லை.

காற்றுத் துவக்கு வேறு, பீரங்கி வேறு. அது அவருக்கும் தெரியும், ஃபிராவ் ஷூல்ட்டெக்கும் தெரியும். மே மாதத்தில் கழகத்தார் பீரங்கியைத் துடைத்துப் பரீட்சை பார்க்க ஊருக்கு வெளியே புல்வெளிக்குக் கொண்டுபோனபோது அவள் அவரைக் கூட்டிப்போனாள்.

“உள்ளே என்ன போடுவார்கள்?” என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டார்.

“கருமருந்து. அமுக்கக் கடதாசி.”

“சன்னம்?”

“கடவுளுக்கு மரியாதை செய்கிறோம், அவரைச் சுடவில்லை.”

வெறும் சத்தம். ஊரில் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு வெடிக்கட்டு எடுத்துக் கொடுத்தவர் இவர்தான். கொடியேறும்போது ஆகக் கிட்ட நின்று காது குளிரக் கேட்டவரும் இவர்தான். அந்த மனுசன் எங்கே போனான் என்று தெரியவில்லை.

முதல் வெடிக்கு அவர் புல்லில் முகம் குப்புறக் கிடந்தார். கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் ஃபிராவ் ஷூல்ட்டெயும் கிடந்தாள். அவளை யாரும் இழுக்கவில்லை. தானாகவே, நல்ல பாவாடையோடு, படுத்திருந்தாள். “புல் ஈரம்” என்றாள். கழகத்து ஆண்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எழும்பினார்கள். “வெடியைக் கேட்காதீர்கள், அதற்கு முன்னால் நடப்பதைப் பாருங்கள்” என்றாள் அவள். பார்த்தார். ஒருவர் பின்னால் ஆள் உண்டா என்று பார்க்கிறார். முன்னால் பார்க்கிறார். மற்றவர்கள் விலகுகிறார்கள். தலைவர் கையை உயர்த்துகிறார். எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறார்கள். பிறகுதான் கை கீழே வருகிறது. ட்றக்கில் போனவர்களிடம், சுடுமுன் பார்க்கிற இந்தப் பார்வை இருக்கவில்லை. இரண்டாம் வெடிக்குக் குந்தினார். மூன்றாவதுக்கு முழங்கால் மடங்கியது. கைகள் நிலத்தை ஊன்றின. அவ்வளவுதான் முன்னேற்றம். நாலாவது வெடிக்கு மருந்து இல்லை.

“பவனிக்கு வரேல்லை நான்” என்று அன்றைக்கே தேவமலரிடம் சொல்லிவிட்டார். “நீ பிள்ளையோடை போ. நான் விழுந்தால் பிள்ளைக்குத்தான் அவமானம்.”

தேவமலர் மகளுக்குத் தைத்த வெள்ளைச் சட்டையின் கரையை மடித்துக்கொண்டிருந்தாள்.

பவனிக்கு முதல்நாள் பின்னேரம், அன்ரனெற் கண்ணாடிக்கு முன்னால் அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டே தாயிடம் கேட்டாள்: “அப்பா நாளைக்கு என்ன உடுப்புப் போடுறார்?”

“அப்பா வரேல்லையாம்.”

“அந்த ரெண்டு சுவெற்றரையும் போட வேண்டாமெண்டு சொல்லுங்கோ” என்றாள் அவள், கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “வேர்க்கும்.”

கட்டிலில் இருந்த ஜேசுரட்ணம் எழும்பிப் போய், யன்னலைத் திறந்து, வெளியே ஒன்றுமில்லாத றோட்டைக் கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

1987, ஜூன். நல்ல வெயில். பவனி மற்ற மூன்று பீடங்களையும் கடந்து சதுக்கத்துக்கு வந்தது. வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் பூக்கூடைகளோடு முன்வரிசையில் முழங்காலில் இருந்தார்கள். பின்னால் தாய் தகப்பன்மார். ஜேசுரட்ணம் வெள்ளைச் சேட்டோடு, ஒரு சுவெற்றரும் இல்லாமல், மகளுக்கு நேரே பின்னால் இருந்தார். இரண்டு வரிசை தள்ளி இருந்த ஃபிராவ் ஷூல்ட்டெ, பீடத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் விழுந்து விளையாடிய பையன்களில் ஒருவனும் திரும்பிப் பார்த்தான். அவன் வாய் “பும்” என்று சொல்லத் தயாராக இருந்தது.

குருவானவர் கதிர்ப்பாத்திரத்தை உயர்த்தினார். சதுக்கத்தின் மூலையில் ஒருவர் பின்னால் பார்த்தார், முன்னால் பார்த்தார். மற்றவர்கள் விலகினார்கள். தலைவரின் கை மேலே போனது. ஜேசுரட்ணத்தின் உடம்பு தரையைத் தேடியது. நெஞ்சு ஏற்கெனவே படுத்துவிட்டது. அவருக்கு முன்னால், வெள்ளை முக்காட்டுக்குக் கீழே, மகளின் பிடரி விறைத்துப்போய் இருந்தது. அவளும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவளும் பயந்துகொண்டுதான் இருந்தாள். சத்தத்துக்கா, தகப்பனுக்கா, இரண்டுக்குமா என்று கேட்க நேரம் இல்லை.

கை கீழே வந்தது. பீரங்கி வெடித்தது. சந்தைக் கடைகளின் கண்ணாடிகள் அதிர்ந்தன, கோயில் கூரையிலிருந்து புறாக்கள் கிளம்பின.

ஜேசுரட்ணம் முழங்காலில் இருந்தபடியே, தன் இரண்டு உள்ளங்கைகளாலும் மகளின் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டிருந்தார்.